விசிட் விசாவில் போன தங்கச்சியை ஊருக்குக் கூப்பிட்ட அனுபவம்

மட்டக்களப்புப் பக்கத்தில் வெளிநாட்டு வேலைக்குப் பெண் தேடி வரும் தரகர், முதலில் வீட்டாரின் கையில் அட்வான்ஸ் காசை வைப்பார். பிறகு கழுத்தை இறுக்குவது அந்தக் காசுதான். என் தங்கச்சியிடம் டுபாயில் கடை வேலை என்றார்கள். விசிட் விசாவில் போனவளை அங்கே ஒரு அறையில் வைத்திருந்து, ஓமானுக்கு மாற்றி, வீட்டு வேலைக்கு ஒரு குடும்பத்திடம் விட்டுவிட்டார்கள். பாஸ்போட்டும் பறிபோனது. ஊருக்குப் போக வேண்டும் என்றதும், "உனக்காகக் கட்டின காசைத் தந்துவிட்டுப் போ" என்றார்கள்.

ஏன் விசிட் விசா? அவளுடைய மகனுக்கு அப்போது இரண்டு வயது ஆகவில்லை. அவ்வளவு சிறிய பிள்ளை இருந்தால், வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களைப் பதியும் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு கிடைக்காது. தரகர் அதையே சொல்லித்தான் இந்த வழியைக் காட்டினார். இந்த விதி பெண்களை வீட்டில் நிறுத்தவில்லை, தரகர்களிடம்தான் தள்ளியது என்பேன்.

பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தோம். பதிவு இல்லாததால் காப்புறுதி கிடையாது, ஆனாலும் முறைப்பாட்டை எடுத்தார்கள். தரகருக்கு அனுமதிப்பத்திரமே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பொலிசில்தான் இழுபறி. "விரும்பித்தானே போனவ? அட்வான்சும் வாங்கியிருக்கிறீங்க. பேசி முடிங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்கள்.

வழியைத் திறந்தவர் சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணி ஒருவர். தண்டனைச் சட்டக் கோவையில் 2006இல் திருத்திய 360இ பிரிவை எடுத்துக் காட்டினார். ஏமாற்றிக் கொண்டுபோய்க் கட்டாய வேலை வாங்கினால், போனவர் சம்மதித்திருந்தாலும் அது ஆட்கடத்தல்தான். அதனால் காசுக் கணக்கில் தொடங்காமல், என்ன வேலை என்று சொன்னார்கள், யார் டிக்கெட் எடுத்தார்கள், யார் பாஸ்போட்டை வாங்கினார்கள், சம்பளம் வந்ததா என்று வரிசையாக எழுதச் சொன்னார்.

இரவிரவாக இருந்து எழுதினோம். தங்கச்சி குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் முணுமுணுத்து அனுப்பிய வொய்ஸ் மெசேஜ்கள்தான் பெரிய சாட்சி. "அக்கா, கையெல்லாம் வெடிச்சுப் போச்சு, படுக்க விடுறாங்க இல்ல" என்ற ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் ஒவ்வொரு சொல்லாக எழுத முடிந்தது. தேதி, நேரத்தோடு அவற்றை எழுதி, அந்த ஃபோனில் எதையும் அழிக்காமல் வைத்தோம். அப்புறம் கொழும்பில் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் ஆட்கடத்தல் பிரிவில் முறைப்பாடு கொடுத்தோம். பிரதியை, வெளிநாட்டில் சிக்கியவர்களுக்கு உதவும் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் கொடுத்தோம். அவள் அனுப்பிய லொக்கேஷனையும் அதோடு சேர்த்தோம்.

2022 நவம்பரில் ஓமானில் சிக்கிய பெண்களின் செய்தி பத்திரிகைகளில் வந்திருந்ததால், மஸ்கட்டில் உள்ள இலங்கைத் தூதரகத்தில் பாதுகாப்பு இல்லம் இருப்பது எங்களுக்குத் தெரியும். குப்பை கொட்ட வெளியே விட்ட நேரத்தில் தங்கச்சி டாக்ஸி பிடித்து அங்கே போய்ச் சேர்ந்தாள். விசா முடிந்து தங்கியதற்கான அபராதம் தீரும்வரை கிளம்ப முடியவில்லை. பிறகு தற்காலிகப் பயண ஆவணத்தில் வந்து இறங்கினாள்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆள் வந்ததும் தரகர் சமாதானம் பேச வருவார். எங்களிடமும் வந்தார்: "காசு தாறன், முறைப்பாட்டை வாபஸ் வாங்குங்க." கையெழுத்துப் போடவே வேண்டாம். மிரட்டினால், 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டப்படி சாட்சிக்குப் பாதுகாப்புக் கேட்கலாம். நாங்கள் கேட்டிருக்கிறோம், வழக்கும் நடக்கிறது.