ஏர்போர்ட்ல கேட்டா என்ன சொல்லட்டும்?

எங்க டிராவல்ஸ்ல அமெரிக்க டூரிஸ்ட் விசாவுக்கு வந்த ஒரு அம்மா, விசா வந்த பாஸ்போர்ட்ட வாங்கிட்டுப் போக வந்தப்ப கேட்டது இன்னும் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. "அமெரிக்காவுல எறங்குனதும் ஏர்போர்ட்ல மறுபடி கேள்வி கேப்பாகன்னு மக சொல்லுச்சு, அங்கன என்ன தம்பி சொல்லட்டும்?" நான் யோசிக்கவே இல்ல, "உள்ளதச் சொல்லுங்கம்மா"ன்னேன். "அப்ப மெட்ராஸ் இன்டர்வியூல மட்டும் உள்ளதச் சொல்ல வேணாம்னு ஏன் சொன்ன?" கோவத்துல கேக்கல, தெரிஞ்சுக்கத்தான் கேட்டாங்க. நான் என்னமோ சொல்லி சமாளிச்சு அனுப்பினேன்.

எங்க டிராவல்ஸ்ல இப்பல்லாம் டிக்கெட்ட விட விசா வேலைதான் அதிகம். டிஎஸ் 160ங்கிற விசா ஃபார்ம் ஃபில் பண்றது, ஃபீஸ் கட்டுறது, கைரேகைக்கு ஒரு நாள் இன்டர்வியூவுக்கு ஒரு நாள்னு ஸ்லாட் பாக்குறது, அப்புறம் உக்கார வச்சு மாதிரி இன்டர்வியூ. அந்தம்மா உசிலம்பட்டி பக்கம், மக டல்லாஸ்ல, ரெண்டாவது பிரசவம். எதுக்கும்மா போறீங்கன்னு நான் ஆபீசர் மாதிரி கேட்டதும் "மக பிரசவத்துக்குப்பா, பச்ச ஒடம்புக்காரிக்கு யாரு ஆக்கிப் போடுறது, மூத்தவன வேற பாத்துக்கணும்"னு கடகடன்னு சொன்னாங்க. அப்பதான் நான் எல்லாருக்கும் சொல்றத சொன்னேன், அம்மா இதெல்லாம் சொல்லாதீங்க, மகளப் பாக்கப் போறேன், இத்தன மாசத்துல திரும்பி வந்துருவேன், இது போதும். "பாத்துட்டு வர்றதுக்கு மட்டுமா தம்பி அம்புட்டு தூரம் போவாக?"ன்னாங்க. அப்படித்தான் சொல்லணும்மான்னேன்.

இதுக்கு காரணம் இல்லாம இல்ல. அமெரிக்காவோட 1952 குடியேற்றச் சட்டத்துல 214(பி)ன்னு ஒரு பிரிவு இருக்கு, டூரிஸ்ட் விசா கேட்டு வர்ற யாரா இருந்தாலும் அங்கயே தங்கிடத்தான் வர்றாங்கன்னு எடுத்துக்கிட்டுத்தான் ஆபீசர் கேள்வியே ஆரம்பிக்கணும், இல்லைன்னு காட்ட வேண்டியது நம்ம பொறுப்பு. அதுக்குக் கிடைக்கிறது ரெண்டு மூணு நிமிஷம். பட்டா, பேங்க் புக், ஊர்ல இருக்கிற வீட்டு போட்டோன்னு ஃபைல் நிறைய கொண்டு போவாங்க, பல பேர்கிட்ட அந்த ஃபைல திறக்கக்கூட சொல்ல மாட்டாங்க. வாயில வர்ற ரெண்டு வாக்கியம்தான் எல்லாம். அதுல ஆக்கிப் போடணும், புள்ளயப் பாத்துக்கணும்னு போனா ஆயா வேலைக்குப் போறதா எடுத்துப்பாங்களோன்னு எங்க தொழில்ல எல்லாருக்கும் ஒரு பயம். 2020 ஜனவரில வேற, புள்ளைக்கு அந்த ஊர் குடியுரிமை வாங்குறதுக்காகவே அங்க போய் பெத்துக்கப் போறவங்களுக்கு டூரிஸ்ட் விசா கிடையாதுன்னு விதிய மாத்தினாங்க. அது வயித்துல புள்ளையோட விசா கேக்குறவங்களுக்கு, பாட்டிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ஆனா எங்க வட்டாரத்துல அது பிரசவம்ங்கிற பேச்சே எடுக்கக்கூடாதுன்னு ஆகிப்போச்சு. பிரசவத்துக்குத்தான்னு தைரியமா சொல்லி விசா வாங்குன அம்மாக்களும் நிறைய இருக்காங்க, அது எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன்.

கூட வர ஆள் இல்லன்னு சென்னைக்கு நானே கூட்டிட்டுப் போனேன். மொபைல உள்ள கொண்டு போக முடியாதுங்கிறதால அத நான் வாங்கி வச்சுக்கிட்டு ஜெமினி பாலத்துக்கிட்ட அமெரிக்க தூதரகத்துக்கு வெளிய நின்னேன். பாஸ்போர்ட்ட உள்ளயே வாங்கி வச்சுக்கிட்டாங்கன்னு அந்தம்மா வெறுங்கையோட வந்தப்பவே விசா கிடைச்சிருச்சுன்னு தெரிஞ்சு போச்சு, எனக்கு அவ்ளோ சந்தோஷம். ஆட்டோல வர்றப்பதான் சொன்னாங்க. எதுக்குப் போறீங்கன்னு தமிழ்லயே கேட்டிருக்காங்க, மகளப் பாக்கன்னு சொல்லியிருக்காங்க. வீட்ல ஏதும் விசேஷமான்னு அடுத்த கேள்வி. "இல்லைன்னுட்டேன் தம்பி." கொஞ்ச நேரம் கழிச்சு "வயித்துப்புள்ளக்காரி விஷயத்துல வாய் கூசாம இல்லன்னு சொல்லிட்டேனே, பதினெட்டாம்படி கருப்புகிட்ட போய் சொல்லிட்டு வரணும்"னாங்க. அழகர்கோயில் கருப்புகிட்ட எதுக்குப் போவாங்கன்னு எங்க பக்கத்துக்காரங்களுக்குத் தெரியும். அந்த வாசல்ல நின்னு பொய் சொல்ல யாருக்கும் துணிச்சல் வராது.

அந்த 'இல்ல'ய நான் சொல்லித் தரல. மொத வரி மட்டும்தான் நான் சொன்னது, அதுவும் உண்மைதான், மகளப் பாக்கத்தானே போனாங்க. ஃபார்ம்லயும் ஒரு எழுத்து பொய் கிடையாது, மக அட்ரஸ், எத்தன நாள் தங்கப் போறாங்க, யார் செலவு எல்லாம் உள்ளபடிதான் போட்டேன், பிரசவமான்னு அதுல கேக்கவும் இல்ல. இத எனக்கு நானே நிறைய தடவ சொல்லிப் பாத்துட்டேன். ஆனா பிரசவம்ங்கிறது மறைக்க வேண்டிய சமாச்சாரம்னு ஒருத்தங்க மனசுல ஏத்தி கவுன்டர் முன்னாடி நிக்க வச்சப்புறம், விசேஷமான்னு கேட்டா அவங்க வேற என்னதான் சொல்லுவாங்க?

ஆபீசர்கிட்ட முக்கியமான விஷயத்துல தெரிஞ்சே பொய் சொன்னா காலத்துக்கும் விசா கிடையாதுன்னு இன்னொரு பிரிவும் இருக்கு. அத எடுத்து மறுபடி மறுபடி படிச்சேன். எல்லாப் பொய்யும் அதுல வராது, விசா முடிவையே மாத்தியிருக்கக்கூடிய பொய்தான் வரும், மக பிரசவத்துக்குப் போறது ஒரு தடையே இல்லைங்கிறப்ப இது அதுல வராதுன்னு ஒரு நிம்மதி வந்துச்சு. ஆனா தடையே இல்லைன்னா அத ஏன் மறைக்கச் சொன்னேன்? எத வச்சு நான் தப்பிக்கப் பாக்குறேனோ அதுவே என்ன மடக்குது.

அந்தம்மா நல்லபடியா போய் சேந்தாங்க, ஆறு மாசம் தங்க அனுமதி கொடுத்தாங்கன்னு மக மெசேஜ் போட்டுச்சு. ஏர்போர்ட்ல என்ன சொன்னாங்கன்னு நான் கேக்கல, கேக்க மனசு வரல.

அதுக்கப்புறம் கொஞ்ச நாள் நான் யாருக்கும் எதுவும் சொல்லித் தரல, கேட்டதுக்கு உள்ளத சுருக்கமா சொல்லுங்க, அவ்ளோதான்னேன். அதுல போன ஒரு பெரியவருக்கு விசா கிடைக்கல. மகன் அங்கேருந்து போன் பண்ணி "சொல்லிக் கொடுக்கத்தானே காசு வாங்குறீங்க, எங்கப்பாவ அப்படியே அனுப்பி வச்சுட்டீங்க"ன்னு கத்தினார். 2023 ஜூன்ல இருந்து ஃபீஸ் 185 டாலர், கிடைக்கலன்னா திரும்பி வராது, அவர் கோவத்துல நியாயம் இருக்கு. சொல்லிக் கொடுத்திருந்தா கிடைச்சிருக்குமா? விசா இல்லைன்னு கொடுக்கிற பேப்பர்ல 214(பி)ன்னு பொதுவாத்தான் போட்டிருக்கும், எந்த பதில் பிடிக்கலன்னெல்லாம் இருக்காது. அதனால எனக்கு எப்பவுமே தெரியப் போறதில்ல.

ஓனர் பழைய மாதிரியே சொல்லிக் கொடுன்னு சொல்லிட்டார். மொத வரி அப்படியே இருக்கட்டும், நேரா கேட்டா மட்டும் பிரசவம்னு சொல்லச் சொல்றேன்னு கேட்டுப் பாத்தேன். "அப்ப மொத வரி எதுக்கு?"ன்னார், அதுவும் சரிதான். நாளைக்கு ஒரு குடும்பம் வருது, அவங்க மகளுக்கும் ஏழாம் மாசம். ரெண்டு வழியயும் எடுத்துச் சொல்லி முடிவ அவங்ககிட்டயே விட்டுடலாம்னு இருக்கேன், ஆனா என்ன சொல்றதுன்னு தெரியாமத்தானே காசு கொடுத்து எங்ககிட்ட வர்றாங்க.