சீப்பு பட்டாலே வலி

ஏற்காட்டில் சிறிய காப்பித் தோட்டம் வைத்திருக்கும் என் பெரியம்மாவுக்குச் சென்ற மார்கழியில் தலைவலி தொடங்கியபோது, அவரும் நானும் பனியின் மீதே பழியைப் போட்டோம். வயது 74. அவர் மஃப்ளரைக் கட்டிக்கொண்டு தோட்டத்து மிளகில் கஷாயம் வைத்துக் குடித்தார். சேலத்தில் பொது மருத்துவம் பார்க்கும் நான் தொலைபேசியிலேயே பாராசிட்டமால் சொல்லி முடித்துவிட்டேன். 50 வயதுக்கு மேல் புதிதாக வரும் தலைவலியை நேரில் பார்க்காமல் விடக்கூடாது என்று இளம் மருத்துவர்களிடம் நானே சொல்லியிருக்கிறேன் என்பதுதான் வெட்கம்.

அடுத்த இரண்டு மாதங்களில் அவர் மலையிறங்கிச் சிலரைப் பார்த்திருக்கிறார். மெல்லும்போது தாடை வலிக்கிறது என்றதற்குக் கடைவாய்ப் பல் ஒன்று பிடுங்கப்பட்டது. காலையில் இரு தோள்களும் இறுகிக் கையைத் தூக்க முடியவில்லை என்றதற்குத் தேய்மானம் என்று தைலம் கிடைத்தது. பசியின்மைக்கும் இளைப்புக்கும் டானிக். தலைவலியைப் பல் மருத்துவரிடமோ, தாடை வலியை எலும்பு மருத்துவரிடமோ சொல்ல அவருக்கும் தோன்றவில்லை; யாரும் கேட்கவும் இல்லை.

மாசியில் எங்கள் வீட்டுக்கு வந்தவருக்குத் தட்டுவடை செட் வாங்கி வைத்தோம். இரண்டாவது செட்டின் பாதியில் தாடையைப் பிடித்துக்கொண்டு நிறுத்தினார், சற்று ஓய்ந்து மறுபடி எடுத்தார், மறுபடியும் நிறுத்தினார். சொத்தைப் பல் கடித்தவுடன் சுரீரென்று வலிக்கும். இதுவோ மெல்லும்போது ஏறி, ஓய்ந்ததும் இறங்குகிற, இரத்தம் போதாத தசையின் வலி. தலை வாரும்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "சீப்பு பட்டாலே தோலு எரியுது கண்ணு, அதான் ஒரு வாரமா கொண்டையை அவுக்கவே இல்ல" என்றார். வரும் வழியில் கொண்டை ஊசி வளைவுகளில் வலக்கண் மட்டும் ஐந்து நிமிடம் திரை விழுந்தாற்போல் மங்கியதையும் பிறகுதான் சொன்னார். மூடுபனி என்று நினைத்தாராம். மூடுபனி ஒரு கண்ணை மட்டும் மறைக்காது.

நெற்றிப்பொட்டைத் தொட்டபோது தமனி கயிறுபோல் தடித்து, துடிப்புக் குறைந்திருந்தது. ஜயன்ட் செல் ஆர்டிரைடிஸ் எனப்படும் இந்த நோயில் பெரிய, நடுத்தரத் தமனிகளின் சுவர் அழற்சியால் வீங்கி, இரத்தம் ஓடும் வழி குறுகிவிடுகிறது. 50 வயதுக்குக் கீழ் ஏறக்குறைய வருவதே இல்லை, பெண்களுக்கே அதிகம். வட ஐரோப்பிய வழியினரிடம் மிகுதியாகக் காணப்படுவதால் நம் ஊரில் நினைவுக்கே வருவதில்லை. வலியால் தொப்பி அணிய முடியாத முதியவர் ஒருவரைப் பற்றி லண்டனில் ஜோனதன் ஹட்சின்சன் 1890இல் எழுதினார். நமக்குச் சீப்பைப் பற்றிக் கேட்டாலே போதும்.

இரத்தப் பரிசோதனையில், உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் இ.எஸ்.ஆர். 98, அதேபோன்ற சி.ஆர்.பி.யும் தட்டணுக்களும் உயர்வு, இரத்தசோகை. காசநோய் முதல் சிறுநீர்த் தொற்று வரை எதற்கும் இ.எஸ்.ஆர். ஏறும் நம் ஊரில் அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது. அது இயல்பாக இருந்தும் நோய் உள்ளவர்கள் சிலர் உண்டு. பார்வை நரம்புக்குப் போகும் சிறு தமனிகள் அடைபட்டு ஒரு கண் போய்விட்டால் பெரும்பாலும் மீளாது; சிகிச்சையின்றி விட்டால் மறு கண்ணும் சில நாட்களிலோ வாரங்களிலோ போகலாம். ஆகவே தமனியில் ஒரு துண்டை வெட்டியெடுத்துச் சோதிக்கும் பயாப்சிக்குக் காத்திராமல் அன்று மாலையே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை 60 மில்லிகிராமில் தொடங்கினோம். ஸ்டீராய்டு தொடங்கி ஓரிரு வாரம் வரை திசுவில் அழற்சியின் தடயம் பொதுவாக மறைவதில்லை. அல்ட்ராசவுண்டில் தமனியைச் சுற்றித் தெரியும் கருவளையமோ சில நாட்களிலேயே மங்கத் தொடங்கலாம் என்பதால் மறுநாளே அதை எடுத்தோம், வளையம் இருந்தது. அழற்சி விட்டுவிட்டுப் பரவுவதால் குறைந்தது ஒரு சென்டிமீட்டர் துண்டாவது எடுக்க வேண்டும். அப்போதும் பயாப்சி ஒன்றும் காட்டாமல் போகலாம். பெரியம்மாவுக்குக் காட்டியது.

தலைவலியே இல்லாமலும் இந்நோய் வரும். அம்மாப்பேட்டையில் தறி நெய்த பெரியவர் ஒருவர் மாதக்கணக்கில் காய்ச்சலும் எடைக்குறைவுமாக இருந்தார். காசநோயையும் புற்றுநோயையும் தேடியே நாட்கள் ஓடின. இரு கைகளிலும் இரத்த அழுத்தம் வேறுபட்டதைக் கவனித்துச் சி.டி. எடுத்தபோது, மகாதமனியும் கைக்குப் போகும் கிளைகளும் தடித்திருந்தன. நெற்றிப்பொட்டுத் தமனியில் ஒன்றுமே இல்லை. ஒரு கையில் மட்டும் அழுத்தம் பார்க்கும் நம் அவசரப் பழக்கம் எனக்கு உறுத்தியது அன்றுதான்.

இந்நோயோடு சேர்ந்து வந்த பெரியம்மாவின் தோள் இறுக்கம் மூன்றாம் நாளே விட்டது. ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறியது, கால்சியமும் இன்சுலினும் சேர்ந்தன. இப்போது ஸ்டீராய்டு 7.5 மில்லிகிராமுக்கு இறங்கியிருக்கிறது. இரு கண்களிலும் பார்வை இருக்கிறது. பிடுங்கிய பல்லைப் பற்றி மட்டும் ஒவ்வொரு முறையும் என்னிடம் கணக்குக் கேட்கிறார்.