கடலைத் தெரிந்தவன் வகுப்பறையில்

கனடாவின் மொன்றியலில் புதிதாகக் குடியேறியவர்களுக்கு அரசு இலவசமாகப் பிரெஞ்சு கற்பிக்கிறது. அந்த வகுப்பில் ஒருநாள் எங்கள் ஆசிரியை பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஒரு படத்தைப் போட்டுக் காட்டினார். பெனுவா பிலோன் இயக்கி 2008இல் வெளிவந்த 'ஸ கில் ஃபோ பூர் வீவ்ர்' (வாழத் தேவையானவை). இந்த நாட்டுக்கு வந்த பிறகு என்னை இவ்வளவு உலுக்கிய படம் வேறில்லை.

கதை 1952இல் நடக்கிறது. கனடாவின் வடகோடியில், மரமே முளைக்காத பஃபின் தீவில் மனைவி பிள்ளைகளுடன் வாழும் வேட்டைக்காரர் தீவீ. ஆர்க்டிக் பழங்குடிகளான இனுவிட் மக்களில் ஒருவர். மருத்துவக் கப்பலில் நடக்கும் பரிசோதனையில் அவருக்குக் காசநோய் என்று தெரியவருகிறது. குடும்பத்தைக் கரையிலேயே விட்டுவிட்டு அவரைக் கியூபெக் நகர மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள்.

பாத்திரங்கள் கற்பனை, பின்னணி வரலாறு. 1950களில் 'சி. டி. ஹவ்' என்ற அரசுக் கப்பல் ஆண்டுதோறும் கிழக்கு ஆர்க்டிக் கரைகளுக்குப் போனது. கப்பலிலேயே எக்ஸ்ரே எடுப்பார்கள். நோய் கண்டவர்களைத் தெற்கே ஏற்றிவருவார்கள். 1950களின் நடுப்பகுதியில் இனுவிட் மக்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் இப்படித் தென்பகுதி மருத்துவமனைகளில் இருந்தார். திரும்பாதவர்கள் பலர், அவர்கள் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்பதுகூட வீட்டாருக்குச் சொல்லப்படவில்லை. 2019இல் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ பஃபின் தீவிலுள்ள இக்கலூயிட் நகருக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். காணாமல் போனவர்களின் தடம் தேடும் வீடுகளிலிருந்து வந்த இலங்கைத் தமிழர்களான எங்களுக்கு அந்தத் துயரத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

மருத்துவமனையில் யாரும் தீவீயிடம் கொடுமையாக நடப்பதில்லை. கன்னியாஸ்திரிகள் அக்கறையானவர்கள், தாதி கரோல் அன்பானவள். ஆனாலும் அவருடைய மொழி தெரிந்தவர் அங்கே ஒருவரும் இல்லை. பனியில் விலங்கின் தடம் பார்த்துக் குடும்பத்துக்குச் சோறு போட்ட மனிதர், சாப்பிடவும் சொல்லிக்கொடுக்க வேண்டிய குழந்தையாகிவிடுகிறார். பிறகு சாப்பாட்டையே விட்டுவிடுகிறார். தீவீயாக நடித்த நாத்தார் உங்கலாக் அதிகம் பேசாமல் இதையெல்லாம் முகத்திலேயே காட்டுகிறார்.

நான் பருத்தித்துறைக்காரன். சிறு வயதிலேயே ஐயாவோடு கடலுக்குப் போனவன். வானத்தைப் பார்த்து, இன்று வள்ளம் இறக்கலாமா என்று சொல்லத் தெரியும். மொன்றியலில் பெட்டிகளுக்கு நாடா ஒட்டும் வேலை கிடைத்தது. மேற்பார்வையாளர் என்னிடம் உரக்க, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசுவார். நல்லெண்ணத்தோடுதான். ஆனால் மாலையில் வீட்டுக்கு வரும்போது, எனக்கு எதுவுமே தெரியாது என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன். குளிர்கூட அந்த அளவுக்கு என்னை வருத்தவில்லை.

கரோல் செய்யும் காரியம்தான் படத்தின் உயிர். வேறொரு மருத்துவமனையிலிருந்து காக்கி என்ற அனாதைச் சிறுவனை வரவழைக்கிறாள். அவனும் நோயாளி, இனுவிட் மொழி, பிரெஞ்சு இரண்டும் அறிந்தவன். மொழிபெயர்க்க ஆள் கிடைத்துவிட்டது என்று மட்டும் இதைப் பார்க்கக்கூடாது. காக்கிக்குத் தன் மக்களின் கதைகளும் வாழ்க்கையும் தெரியாது. தீவீ அவனுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்குகிறார். கற்பிக்க ஒருவன் கிடைத்த பிறகுதான் அவருக்கு உயிர் திரும்புகிறது. முடிவை நீங்களே பாருங்கள்.

படம் முடிந்ததும் ஆசிரியை, அடுத்த வகுப்பில் ஒவ்வொருவரும் தமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பிரெஞ்சில் சொல்ல வேண்டும் என்றார். நான் கரும்பலகையில் எங்கள் கரையை வரைந்தேன். வாடைக் காற்று எங்கிருந்து வரும், சோளகக் காற்று எப்போது எழும், கச்சான் காற்றுக்கும் கொண்டல் காற்றுக்கும் கடல் எப்படி மாறும் என்று அம்புக்குறி போட்டுக் காட்டினேன். வினைச்சொற்கள் எல்லாம் பிழை. ஒருவரும் திருத்தவில்லை, கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். அல்ஜீரியாவிலிருந்து வந்த ஒருவர் தங்கள் ஊர்ப் பாலைவனக் காற்றைப் பற்றிச் சொல்ல எழுந்துவிட்டார்.

எனக்குப் பிறகு பேசியது, எப்போதும் பின்வரிசையில் வாய் திறக்காமல் இருக்கும் ஆப்கானிஸ்தான் அம்மா. ஒரு சால்வையைச் சுருட்டிக் குழந்தைபோல் பிடித்துக்கொண்டு, தலை திரும்பாத பிள்ளையை எப்படி வெளியே எடுப்பது என்று கையாலேயே செய்துகாட்டினார். அவர் ஊரில் மருத்துவிச்சியாக இருந்தவர் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரியும்.