மஞ்சள் வேர்

மாமா ஒரு நெற்பயிரைப் பிடுங்கி என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இஞ்ச பார் புள்ள, வேரெல்லாம் துருப்பிடிச்சுக் கிடக்கு. மருந்தடிக்கணும் போல."

குருமண்வெளியில் வாவியைக் கடக்கும் மிதவைப் பாதையில் ஏறி, மண்டூரில் இறங்கி அவருடைய வயல்வட்டைக்குப் போயிருந்தேன். மார்கழி மாதம், வயலில் கணுக்கால் அளவு தண்ணீர். வாய்க்காலில் வேரை அலசினேன். சேறு போனது, மஞ்சட்கபில நிறம் போகவில்லை. நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி வந்தது.

"இது நோயில்ல மாமா, பயிர் தானே பூசிக்கொண்டது" என்றேன். அவர் நம்பவில்லை. வரம்பில் குந்தியிருந்து அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

தண்ணீர் நிற்கும் மண்ணுக்குள் காற்றுப் போகாது. இருந்த ஒட்சிசன் முடிந்ததும் சில பற்றீரியாக்கள் மண்ணிலுள்ள இரும்பு ஒட்சைட்டைக் கொண்டு சுவாசிக்கத் தொடங்கும். அதனால் இரும்பு கரைந்து தண்ணீரோடு கலக்கும். நெல்லுக்கோ இலையிலிருந்து வேர் வரைக்கும் உடம்புக்குள்ளேயே காற்றுப் போகும் வழி இருக்கிறது. அந்தக் காற்று வேரின் தோலால் கொஞ்சம் கசிய, கரைந்து வந்த இரும்பு அங்கேயே துருவாகப் படிகிறது. முதலில் ஒழுங்கற்ற கூழ். நாட்பட அதில் ஒரு பங்கு கோதைற்று என்ற கனிமமாகிறது. பயிருக்குள் அளவுக்கு மிஞ்சிப் போகக்கூடிய இரும்பில் ஒரு பகுதி இப்படி வாசலிலேயே நின்றுவிடுகிறது. எனக்கு இது இன்னும் ஆச்சரியம்தான்.

பயப்பட வேண்டியது கறுத்த வேருக்கு. கூழ்முட்டை மணமும் சேர்ந்தால் வேருக்கு மூச்சில்லை, தண்ணீரை வடிய விடவேணும். வேர் மஞ்சளாக இருந்தாலும் பழைய இலைகளின் நுனியிலிருந்து கபிலப் புள்ளி இறங்கினால் இரும்பு கூடிவிட்டது என்று அர்த்தம். மாமாவின் இலைகள் பச்சையாகவே இருந்தன.

கோதைற்றில் எடைக்கு ஏறத்தாழ 63 சதவீதம் இரும்பு. கற்கள் சேர்ப்பதில் ஆர்வம் கொண்டிருந்த ஜேர்மன் கவிஞர் கோத்தேயின் பெயரை 1806 இல் இதற்கு வைத்தார்கள். கட்டியாகக் கிடைக்கும்போது கறுப்பாகக்கூட இருக்கும். மினுக்காத ஓட்டில் உரசிப் பார்த்தால் கோடு மஞ்சட்கபிலமாகவே விழும்.

எங்கள் வீட்டுக் கிணற்றிலும் இதே கதைதான். அள்ளும்போது கண்ணாடி மாதிரித் தண்ணீர், வாளியில் வைத்தால் மஞ்சள். அம்மா வெள்ளைச் சட்டையை அதில் தோய்க்க விடமாட்டா. வயலால் வந்த அன்றிரவு, சீமெந்துத் தொட்டியில் படிந்திருந்ததைச் சுரண்டிக் காயவைத்து, ரின் மூடியில் போட்டு கேஸ் அடுப்பில் பிடித்தேன். சில நிமிடத்தில் மஞ்சள் மங்கி, செங்கல் நிறம் ஏறியது. ஏறத்தாழ 300 பாகை செல்சியசில் கோதைற்று தன் எடையில் பத்தில் ஒரு பங்கை நீராவியாக விட்டு ஏமற்றைற்று என்ற சிவப்பு இரும்பு ஒட்சைட்டாகிவிடும். சூளைக்குள் மஞ்சட்களியாகப் போன கல் சிவந்து வருவதும் இதனால்தான்.

மூடியைப் படமெடுத்து மாமாவுக்கு வட்சப்பில் அனுப்பினேன். அவர் மருந்து அடிக்கவில்லை. "மறுகா ஒரு நாள் வா புள்ள, பள்ளத்து வயலின்ட வேரையும் பாக்கணும்" என்று குரல் பதிவு வந்தது. பள்ளத்தில் தண்ணீர் வடியாது. அங்கே வேர் என்ன நிறமோ, அடுத்த சனிக்கிழமை போகிறேன்.