மரத்தூள் குடிக்கும் நீலம்
மெத்திலீன் நீலம் என்ற சாயம் கலந்த தண்ணீரில் மரத்தூளைப் போட்டுக் கலக்கிவிட்டால், கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வெளுத்து, தூள் நீலமாகிவிடும். எனக்கு அலுக்காத காட்சி இது. அந்தச் சாயத்துக்கு நேர்மின்னூட்டம். தூளின் மேற்பரப்பில் உள்ள கார்பாக்சில் தொகுதிகளுக்கு (அமிலத்தன்மை கொண்ட அணுக்கூட்டங்கள்) எதிர்மின்னூட்டம். அதனால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அமிலம் சேர்த்தால் ஹைட்ரஜன் அயனிகள் போட்டிக்கு வந்து பிடி தளர்ந்துவிடும்.

பருத்தித் துணிக்கான ரியாக்டிவ் சாயங்களோ எதிர்மின்னூட்டம் கொண்டவை. வெறும் மரத்தூளை அவ்வளவாக மதிக்காது. அவற்றுக்கு முருங்கை விதை பரவாயில்லை: அதன் நேர்மின் புரதம் சாயத்தைத் திரட்டிப் படியவைக்கும்.

அப்புறம், தூளை முதலில் நன்றாக அலச வேண்டும். இல்லாவிட்டால் மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளான டானின் கசிந்து தண்ணீரைப் பழுப்பாக்கும். நான் படித்த கட்டுரைகள் பலவும் தண்ணீரிலிருந்து சாயத்தை நீக்கிய சதவீதத்தைத்தான் பெரிதாகச் சொல்கின்றன. சாயம் ஏறிய தூளை எங்கே கொட்டுவது? அதற்குக் கடைசிப் பத்தியில் ஒரு வரி, அவ்வளவுதான்.