காக்காவுக்கு வெச்ச தயிர்சாதம்

2019 சம்மர்ல அம்மா கலிஃபோர்னியா வந்திருந்தப்ப பிக் பேசின் ரெட்வுட் காட்டுக்கு கேம்பிங் கூட்டிட்டுப் போனோம். டப்பாவ தொறந்ததும் கொண்டை வெச்ச நீலப் பறவை ஒன்னு டேபிள் ஓரமா வந்து உக்காந்துச்சு, ஸ்டெல்லர்ஸ் ஜே, இதுவும் காக்கா குடும்பம்தாம்மான்னு சொன்னேன், உடனே ஒரு பிடி தயிர்சாதத்த எடுத்து பக்கத்துல கெடந்த கட்டை மேல வெச்சுட்டாங்க. காக்காவுக்கு வெக்காம அவங்க சாப்பிட்டதே இல்ல.

அந்த வழியா வந்த ரேஞ்சர் கோவப்படல, நின்னு பொறுமையா சொன்னாரு. இந்த மரங்கள்ல மார்பிள்ட் மர்லெட்னு ஒரு கடல் பறவை முட்டை வெக்குது, நாம சிந்துறத தின்னு ஜே கூட்டம் பெருகுது, அதுங்க அப்படியே மேல போய் முட்டையையும் குஞ்சையும் தின்னுடுதுங்கன்னு. அம்மா எதுவும் பேசல, சாதத்த வழிச்சு எடுத்துட்டு, இருட்டினப்புறம் டார்ச் அடிச்சு டேபிளுக்கு அடியில பருக்கை தேடினாங்க.

இந்த மர்லெட் புறாவ விட சின்னது, பசிபிக் கடல்ல மீன் தின்னு வாழுது, ஆனா முட்டை வெக்க மட்டும் காட்டுக்கு வரும், சில இடத்துல 80 கிலோமீட்டர் உள்ள வரைக்கும் கூட. கூடுன்னு ஒன்னும் கட்டாது. கிழட்டு மரத்தோட பருமனான கிளை, அது மேல பாசி மெத்தை, அதுல ஒரு சின்னப் பள்ளம், வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை. அது போச்சுன்னா பெரும்பாலும் அந்த வருஷமே போச்சு. அமெரிக்காவுல இது முட்டை வெக்கிற எடத்த முதல்ல பாத்ததே 1974ல இதே பிக் பேசின்லதான், கிளை வெட்ட டக்ளஸ் ஃபிர் மரத்துல ஏறினவர் 45 மீட்டர் உயரத்துல குஞ்சப் பாத்திருக்காரு.

அப்படி ஒரு கிளை வர மரத்துக்கு 150, 200 வருஷம் ஆகணும், கடலோரத்துல அந்த மாதிரி காட்ட முக்காவாசி வெட்டித் தீத்துட்டாங்க. 1992ல வாஷிங்டன், ஓரிகன், கலிஃபோர்னியா மூணுலயும் அழிவு அபாயத்துல இருக்குன்னு சட்டப் பாதுகாப்பு குடுத்தாங்க. ஆனா மிச்சக் காட்ட துண்டு துண்டா விட்டா எனக்கு அது பாதுகாப்பாவே தெரியல, துண்டு சின்னதாக ஆக ஓரம் ஜாஸ்தி, ஓரத்துலதான் ஜேக்கும் அண்டங்காக்காவுக்கும் கொண்டாட்டம். ரெட்வுட் பார்க்குகள்ல கோழிமுட்டைய மர்லெட் முட்டை மாதிரி பெயின்ட் அடிச்சு, வாந்தி வரவெக்கிற மருந்து ஏத்தி வெச்சாங்க, ஒரு தடவ தின்ன ஜே அந்தக் கலர் முட்டைய மறுபடி தொடாதுன்னு. அந்த அளவுக்கு வந்துடுச்சு நெலமை.

மறுநாள் விடியறதுக்கு முன்னாடி, பனிமூட்டத்துல தலைக்கு மேல கீர் கீர்னு ஒரு மர்லெட் சத்தம் வேகமா போச்சு. அம்மாதான் முதல்ல கேட்டாங்க.

அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல மின்னல் விழுந்து தீப்பிடிச்சு அந்த பார்க் கிட்டத்தட்ட முழுசா எரிஞ்சுது. பெரிய ரெட்வுட் நெறைய பொழச்சு, கருகின தண்டுலயே துளிர் விட்டிருக்கு, ஆனா கிளை மேல இருந்த பாசி மறுபடி மெத்தையா ஆக எத்தன வருஷம் ஆகுமோ. தப்பிச்ச காட்டுக்கெல்லாம் நம்ம ஆளுங்க வீக்கெண்ட் ஆனா கெளம்பிடறீங்க, தட்டு கழுவுற தண்ணியில கூட பருக்கை மண்ணுல போகாம பாத்துக்கோங்க, ப்ளீஸ்.