ஈயையும் சேர்த்தா காப்பி அடிப்பது?

புது போன் ஒன்றை யார் கையில் கொடுத்தாலும் முதலில் நடப்பது ஒன்றுதான். திரை எரிவதற்கு முன்பே கை அதை லேசாக மேலும் கீழும் ஆட்டி எடை பார்க்கும், கட்டைவிரல் ஓரத்தைத் தடவும், நகம் பின்பக்கத்தைத் தட்டும். தீர்ப்பு வந்துவிடும். "சூப்பரா இருக்கு, நல்ல பில்ட் குவாலிட்டி" அல்லது "என்னது, பொம்மை மாதிரி இருக்கு". பத்து விநாடிகூட ஆகாது. அந்தப் பத்து விநாடியில் ஜெயிப்பதற்காகப் பெரிய நிறுவனங்கள் பதினைந்து வருஷமாக ஒன்றை ஒன்று பார்த்து எழுதிக்கொண்டே இருக்கின்றன, அந்த அவசரத்தில் கையில் இருந்த நல்ல சரக்கைத் தூக்கிப் போட்டுவிட்டன என்பதுதான் என் ஆதங்கம்.

என் மேசை இழுப்பறையில் ஒரு கேலக்ஸி எஸ்5 இருக்கிறது. 2014-ல் வந்த போன். பின்மூடி பிளாஸ்டிக், அதில் வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிக் குழிகள். காயத்துக்கு ஒட்டும் பேண்ட்-எய்ட் மாதிரி இருக்கிறது என்று அப்போது எல்லோரும் அதைக் கிண்டல் செய்தார்கள். ஓரத்தில் நகம் நுழைகிற அளவுக்கு ஒரு பள்ளம் இருக்கும். அதில் நகத்தை விட்டு இழுத்தால் மூடி டக், டக், டக் என்று ஒவ்வொரு கொக்கியாக விட்டுக்கொண்டு வரும். மூடியைத் திருப்பிப் பார்த்தால் பேட்டரி உட்காரும் இடத்தைச் சுற்றி மெல்லிய ரப்பர் வளையம் ஒன்று ஓடும். பின்பக்கம் தண்ணீரைத் தடுத்தது அந்த ரப்பர்தான். ஐபி67 தரம், அதாவது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். பேட்டரியைக் கையாலேயே கழற்றலாம், தண்ணீரும் உள்ளே போகாது, இரண்டும் ஒரே போனில். நான் இரண்டு தடவை அதற்குப் புது பேட்டரி வாங்கிப் போட்டேன், இரண்டு தடவையும் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. பிரித்தபின் மூடியை ஓரம் முழுக்க விரலால் அழுத்திக்கொண்டே வர வேண்டும், ஒரு கொக்கி விட்டுப்போனாலும் தண்ணீர் புகுந்துவிடும், அது ஒன்றுதான் கவனம்.

அடுத்த வருஷம் எஸ்6 வந்தது. முன்னும் பின்னும் கண்ணாடி, சுற்றி உலோகச் சட்டம். "சாம்சங் கடைசியில் ஒரு நல்ல போன் செய்துவிட்டது" என்று உலகமே பாராட்டியது. பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பேட்டரியைக் கழற்ற முடியாது, அதன் கொள்ளளவும் 2800 எம்ஏஎச்-லிருந்து 2550-ஆகக் குறைந்தது, மெமரி கார்டு இடம் போச்சு, தண்ணீர்த் தடுப்பும் போச்சு. கீழே விழுந்தால் உடையக்கூடிய பக்கம் ஒன்றாக இருந்தது இரண்டானது. இவ்வளவையும் இழந்த போனுக்குத்தான் பில்ட் குவாலிட்டி கூடிவிட்டது என்று பெயர் வந்தது. தண்ணீர்த் தடுப்பும் கார்டு இடமும் 2016-ல் எஸ்7-ல் திரும்பி வந்தன. கழற்றும் பேட்டரி அந்த வரிசைக்குத் திரும்பவே இல்லை.

ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதும் புரிகிறது. 2012-ல் ஐபோன் 5 அலுமினிய உடம்போடு 112 கிராமில் வந்து நின்றது, 2013-ல் எச்டிசி ஒன் முழு அலுமினியத்தில் வந்து விமர்சகர்களையெல்லாம் மயக்கியது. அதே வருஷம் வந்த கேலக்ஸி எஸ்4-ஐக் கையில் எடுத்த எல்லோரும் "மறுபடியும் பிளாஸ்டிக்கா" என்றுதான் ஆரம்பித்தார்கள். அந்தக் கேள்வியை எத்தனை வருஷம்தான் கேட்டுக்கொண்டிருக்க முடியும்? (எச்டிசிக்கு அந்த அலுமினியம் கைகொடுக்கவில்லை என்பது வேறு கதை. 2017-ல் தன் போன் வடிவமைப்புக் குழுவின் பெரும் பகுதியை 110 கோடி டாலருக்குக் கூகுளுக்குக் கொடுத்துவிட்டது.)

உலோகம் தொட்டால் ஜில்லென்று இருக்கும். அது கை சூட்டைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்வதால் வரும் உணர்வு. அதே மேசையில் பக்கத்திலேயே கிடக்கும் பிளாஸ்டிக்கும் அதே வெப்பநிலையில்தான் இருக்கும், ஆனால் அது சூட்டை மெதுவாகத்தான் வாங்குகிறது, அதனால் கைக்கு வெதுவெதுப்பாகத் தெரியும். அந்த ஜில்லிப்பைத்தான் நாம் 'தரம்' என்று படிக்கிறோம். கனமும் அப்படித்தான். கொஞ்சம் வெயிட்டாக இருந்தால் 'உள்ளே சரக்கு இருக்கு' என்று மனசு முடிவு கட்டிவிடும். அழுத்தினால் கிறீச் என்று சத்தம் வந்தால் மட்டம், வராவிட்டால் உசத்தி. சிலர் போனைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து உள்ளே ஏதோ லொடலொடவென்று ஆடுகிறது, டூப்ளிகேட் போலிருக்கிறது என்று பயப்படுவார்கள். பல போன்களில் அது கை நடுக்கத்தைச் சமாளிக்க கேமரா லென்ஸையே மிதக்கவிட்டிருக்கும் அமைப்பு. அது ஆடுவது இயல்புதான், கோளாறு இல்லை.

பிளாஸ்டிக் என்றாலே மட்டம் என்ற எண்ணமும் சரியில்லை. 2011-ல் வந்த நோக்கியா என்9, லூமியா 800 இரண்டையும் நினைத்துப் பாருங்கள். ஒரே துண்டு பாலிகார்பனேட்டில் குடைந்து எடுத்த உடம்பு. நிறம் மேலே பூசியது இல்லை, உள்வரை அதே நிறம், அதனால் கீறல் விழுந்தாலும் உள்ளிருந்து அதே நிறம்தான் எட்டிப் பார்க்கும். சிக்னலுக்கு ஆண்டெனா கோடு எதுவும் தேவையில்லை, ஏனென்றால் பிளாஸ்டிக் ரேடியோ அலையை மறிக்காது. உலோகம் மறிக்கும். அதனால்தான் உலோக போன்களின் முதுகில் மேலும் கீழும் பிளாஸ்டிக் கோடுகள் ஓடின, அவை வேறு வழியில்லாமல் போட்ட கோடுகள். இதில் என் மனசை உறுத்துகிற விஷயம் என்னவென்றால், முழுக்கப் பிளாஸ்டிக்கில் செய்து, உலோக நிறம் பூசி, தேவையே இல்லாத அந்தக் கோட்டையும் முதுகில் போட்டுக்கொண்டு வந்த போன்களையும் நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஈயடிச்சான் காப்பி என்று சொல்வோமே, அது இதுதான். மூல ஏட்டில் ஓர் ஈ நசுங்கி ஒட்டியிருந்தது, நகல் எடுக்க உட்கார்ந்தவன் தானும் ஓர் ஈயைத் தேடிப் பிடித்து அடித்து அதே இடத்தில் ஒட்டிவைத்தான்.

ஸ்மார்ட்போன் உலகத்தின் மிகப் பெரிய ஈ, நாட்ச், அதாவது திரையின் உச்சியில் விழும் வெட்டு. ஆப்பிளுக்கும் முன்பே 2017-ல் எசென்ஷியல் போன் திரையின் உச்சியில் கேமராவுக்காக ஒரு சின்ன வெட்டு வைத்திருந்தது. அந்த நவம்பரில் விற்பனைக்கு வந்த ஐபோன் 10-இன் வெட்டு அதைவிட ரொம்ப அகலம். ஏன் அகலம்? முகத்தின் மேல் ஆயிரக்கணக்கான புள்ளிகளை வீசும் கருவி, அகச்சிவப்புக் கேமரா, ஸ்பீக்கர் என்று ஒரு படையே உள்ளே உட்கார்ந்திருந்தது. அதோடு கீழே தாடை, அதாவது திரைக்குக் கீழே வரும் தடித்த பட்டை, இல்லை, ஏனென்றால் வளையக்கூடிய ஓஎல்இடி திரையின் கீழ் விளிம்பை உள்பக்கமாக மடித்துவிட்டிருந்தார்கள். (அந்தத் திரையைச் செய்து கொடுத்ததே சாம்சங்தான். ஒரு பக்கம் போட்டியாளர், இன்னொரு பக்கம் சப்ளையர். ஐபோன்களின் ஆரம்ப காலச் சிப்புகளையும் சாம்சங்தான் தயாரித்தது.) 2018 முழுக்க நாட்ச் அலைதான். ஹுவாவே பி20, எல்ஜி ஜி7, ஒன்பிளஸ் 6, அப்புறம் பெயர் நினைவில் நிற்காத நூறு போன்கள். அவற்றில் பெரும்பாலானவற்றின் நாட்சுக்குள் ஒரு சாதாரண செல்ஃபி கேமராவும் காதுக்கான ஸ்பீக்கரும்தான் இருந்தன, அதற்கு அவ்வளவு இடமே தேவையில்லை. கீழே தாடை அப்படியே இருந்தது. திரையில் ஓட்டை போட வேண்டிய காரணத்தை விட்டுவிட்டு ஓட்டையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். விதிவிலக்கும் உண்டு. அதே வருஷக் கடைசியில் வந்த ஹுவாவே மேட் 20 ப்ரோ முகத்தை முப்பரிமாணத்தில் படிக்கும் கருவியை நிஜமாகவே உள்ளே வைத்தது, அதன் நாட்சுக்கு அர்த்தம் இருந்தது.

யார் யாரைப் பார்த்துச் செய்தார்கள் என்ற சண்டை நீதிமன்றம் வரை போனதும் தெரிந்ததே. ஆப்பிள் 2011 ஏப்ரலில் சாம்சங் மேல் வழக்குப் போட்டது, 2012 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் ஜூரி 105 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. அந்த விசாரணையில் வெளிவந்த ஒரு சாட்சியத்தை மறக்கவே முடியாது. 2010-ல் சாம்சங்குக்குள்ளேயே தயாரான 132 பக்க ஆவணம். ஒவ்வொரு பக்கத்திலும் ஐபோனையும் தங்கள் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே நாம் மோசம், எதை எப்படிச் சரிசெய்ய வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். ஆப்பிள் வக்கீல்கள் அதைத் திருட்டுக்கு ஆதாரமாகக் காட்டினார்கள். எனக்கு அதை அப்படி மட்டும் பார்க்கத் தோன்றவில்லை. போட்டியாளரின் பொருளை எடுத்து வைத்துக்கொண்டு இவ்வளவு பொறுமையாகத் தன் குறையை எழுதுகிற ஒரு குழு தன் பொருள்மேல் அக்கறை உள்ள குழு. எல்லை தாண்டியது எங்கே என்பதுதான் கேள்வி, அதில் நீதிமன்றங்களே தடுமாறின. 2016 டிசம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வடிவக் காப்புரிமையை மீறினால் முழு போனின் லாபத்தையும்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை, ஒரு பாகத்துக்கு மட்டுமாகவும் கணக்கிடலாம் என்று சொல்லி வழக்கைக் கீழே திருப்பி அனுப்பியது. கடைசியில் 2018-ல் இரண்டு பேரும் சமாதானமாகப் போனார்கள்.

ஆப்பிளும் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. 2011-ல் 5.3 அங்குல கேலக்ஸி நோட் வந்தபோது அவ்வளவு பெரிய போன் யாருக்கு வேண்டும் என்று பலர் சிரித்தார்கள். 2014-ல் ஐபோன் 6 பிளஸ் 5.5 அங்குலத்தில் வந்தது. மேலிருந்து இழுத்தால் அறிவிப்புகள் வருவது ஆண்ட்ராய்டில் முதலிலேயே இருந்தது, ஐபோனுக்கு 2011-ல் வந்தது. இதெல்லாம் நல்ல காப்பி. பயன்படுத்துகிறவருக்கு ஏதோ ஒன்று கூடுதலாகக் கிடைத்தது.

கெட்ட காப்பி எது என்றால், எடுத்துவிடுவதைக் காப்பி அடிப்பது. 2016-ல் ஐபோன் 7-இல் ஹெட்போன் துளை போனது. அந்த வருஷம் தன் முதல் பிக்சல் போனுக்குத் துளை இருப்பதை விளம்பரத்திலேயே சொல்லிக் காட்டிய கூகுள், அடுத்த வருஷம் பிக்சல் 2-இல் அதை எடுத்துவிட்டது. சாம்சங் விளம்பரம் போட்டே கேலி செய்தது, 2019-ல் நோட் 10-இல் எடுத்தது. சார்ஜர் கதையும் அதே. 2020 அக்டோபரில் ஐபோன் 12 பெட்டியில் சார்ஜர் இல்லை என்றதும் எங்கள் பெட்டியில் இருக்கிறது என்று சாம்சங் பக்கத்திலிருந்து ஃபேஸ்புக்கில் பதிவு வந்தது. மூன்றே மாதத்தில் எஸ்21 சார்ஜர் இல்லாமல் வந்தது. பழைய பதிவும் காணாமல் போனது. எதிராளி எடுத்ததால் நாமும் எடுக்கலாம் என்ற தைரியம் மட்டும் இவ்வளவு வேகமாகப் பரவுவது எனக்கு உண்மையிலேயே கோபத்தைத் தருகிறது.

என் தம்பி வாங்கிய ஒரு போன், நிறுவனம் எதுவாக இருந்தால் என்ன, சோபாவின் கைப்பிடியில் வைத்திருந்தது வழுக்கித் தரையில் விழுந்தது. முழங்கால் உயரம்கூட இல்லை. முன்பக்கம் தப்பித்தது, பின்கண்ணாடி மூலையிலிருந்து சிலந்திவலை மாதிரி விரிந்துவிட்டது. சரிசெய்பவர் அருகிலேயே நின்று பார்த்தேன். சூடேற்றிப் பசையை இளக்கி, மெல்லிய தகட்டால் கண்ணாடியைச் சில்லுச் சில்லாகச் சுரண்டி எடுத்தார், கேமரா வளையத்தைச் சுற்றி வரும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் செய்தார். முக்கால் மணி நேரம் ஆனது. எஸ்5-இல் மூடி உடைந்தால் இன்னொரு மூடி, அவ்வளவுதான். அதற்கும் முந்தைய போன்கள் கீழே விழுந்தால் மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் என்று சிதறும், பொறுக்கிச் சேர்த்து ஆன் செய்தால் வேலை செய்யும். விழுந்த வேகத்தில் ஒரு பகுதியை அந்தச் சிதறலே வாங்கிக்கொண்டது. அதைத்தான் மட்டமான கட்டுமானம் என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

கையில் தெரியாத நல்ல வேலைகள் இப்போதும் நடக்கின்றன, அதனால்தான் எனக்கு நம்பிக்கை போகவில்லை. 2022-ல் ஐபோன் 14-இன் உட்புறத்தையே மாற்றி அமைத்து, பின்கண்ணாடியை மட்டும் தனியாகத் திறக்கும்படி செய்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பழைய 13 மாதிரியே இருக்கும், அதனால் 'புதுசா ஒண்ணுமே இல்லை' என்று திட்டு வாங்கியது. 2023-ல் கூகுள் பிக்சல் 8-க்கு ஏழு வருஷ அப்டேட் என்றது, 2024 ஜனவரியில் சாம்சங் எஸ்24-க்கு அதே ஏழு வருஷம் என்றது. அப்பட்டமான காப்பிதான், கை தட்டி வரவேற்க வேண்டிய காப்பி. ஆனால் மென்பொருள் ஏழு வருஷம் ஓட வேண்டுமானால் நடுவில் ஒரு தடவையாவது பேட்டரி மாற்றியாக வேண்டும். 2024-ல் ஐபோன் 16-இல் பேட்டரியை ஒட்டியிருக்கும் பசைக்கு ஒரு வழி செய்திருக்கிறார்கள். சாதாரண ஒன்பது வோல்ட் பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்தால் போதும், ஓரிரு நிமிடத்தில் பசை தானாகப் பிடிப்பை விடும், சூடேற்றவும் வேண்டாம், நெம்பவும் வேண்டாம். சாம்சங்கும் ஷாவ்மியும் கூகுளும் 132 பக்கம் எழுத உட்கார்ந்தால், முதல் பக்கத்தில் இந்தப் பசையை எழுதட்டும். அதுவரை எஸ்5 இழுப்பறையில்தான் இருக்கும், நேற்றுக்கூட மூடியைத் திறந்து பார்த்தேன், ரப்பர் வளையம் இன்னும் விறைக்கவில்லை.